மண்ணில் கறுப்பு வட்டம் மட்டும் இருந்தால் அது மாளிகையா?

3 பிப்ரவரி, காலை 9.10 – வாசகர் கேள்வி

கல் நிற்கும், மரம் மட்கும். இங்கிலாந்தில் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பண்ணைப் பிரபுவின் மர மாளிகை என்று அழகாகப் படம் வரைந்து வெளியிடுகிறார்கள். அகழாய்வில் கிடைத்தது என்னவென்று பார்த்தால் மண்ணில் சில கறுப்பு வட்டங்கள். ஒரு பலகை, ஒரு கதவு, ஒரு கைமரம் கூட இல்லை. வட்டங்களை இணைத்து மாளிகை எழுப்புவது ஆய்வா, கற்பனையா? தெரிந்தவர்கள் விளக்கலாம்.

3 பிப்ரவரி, இரவு 10.40

வட்டம் கற்பனை இல்லை. படத்தில் இருக்கும் கூரை பெரும்பாலும் ஊகம். இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் பதில் குழம்பும். நாளை உட்கார்ந்து எழுதுகிறேன்.

4 பிப்ரவரி, இரவு 9.15

முதலில் வட்டம். ஒரு தூண் ஒரு அடி கனம் என்றால் அதற்கான குழியை இரண்டு மூன்று அடி அகலத்துக்கு வெட்டுவார்கள். தூணை இறக்கி நிமிர்த்தி, சுற்றிலும் மண்ணையும் கல்லையும் போட்டு இடிப்பார்கள். நம் ஊரில் பந்தக்கால் நட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடப்பது. வெட்டி எடுத்த மண்ணைத் திரும்பப் போட்டால் அது பழைய மண்ணாக ஆகவே ஆகாது. மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்து, நிறம் கலங்கி, இறுக்கம் மாறிவிடும். ஆயிரம் வருடம் மழை பெய்தாலும் அந்தக் கலக்கம் தெளிவதில்லை.

தூண் நின்ற இடத்திலேயே மட்கினால், மரம் விட்டுப்போன வெற்றிடத்தில் மேலிருந்து கரிய மண் மெல்ல இறங்கி நிரம்பும். ஆகவே தெரிவது குழிக்குள் ஒரு குழி: வெளியே கலங்கிய வட்டம், நடுவே கறுப்பு. அந்த நடுக் கறுப்பின் அளவுதான் தூணின் அளவு. சதுரமாக இருந்தால் சதுரமாகச் செதுக்கிய தூண். தூணை ஆட்டிப் பிடுங்கி வேறு வேலைக்குக் கொண்டுபோயிருந்தால் குழியின் வாய் ஒரு பக்கம் அகன்று கோணலாகத் தெரியும். எரிந்திருந்தால் கரியும் சிவந்த மண்ணும் இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் இங்கிலாந்தின் நடுப்பகுதியில், ஒரு பழைய பண்ணைப் பிரபுவின் வளாகத்தில் (அங்கே மேனர் என்பார்கள்) ஒரு கோடை முழுக்கத் தன்னார்வலராக வேலை செய்தேன். இடத்தின் பெயர் வேண்டாம். முதல் வாரம் எனக்குத் தெரிந்ததெல்லாம் பழுப்பு மண், இன்னும் கொஞ்சம் பழுப்பு மண். எனக்கு மேலே இருந்த அம்மையார் ஒரு காலையில் தெளிப்பானை எடுத்து வந்து, கரண்டியால் சீவி வைத்திருந்த தரை முழுக்கத் தூறல் மாதிரி நீர் தெளித்தார். தெளித்த மண் காயத் தொடங்கியது. ஒரே சீராகக் காயவில்லை. சுற்றி இருந்த களிமண் வெளுத்துக்கொண்டே வர, குழி மண் மட்டும் ஈரத்தை விடாமல் கறுத்து நின்றது. பத்து நிமிடத்துக்குள் என் காலடியில் ஒன்பது வட்டங்கள், நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசையில். பிறகு வெயில் ஏறியதும் அத்தனையும் மறைந்துவிட்டன. மறைவதற்குள் ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஆணி குத்தி வைத்திருந்தோம்.

ஒன்பது குழிகள் நேர்கோட்டில், ஏறக்குறைய சம இடைவெளியில் தற்செயலாக வராது. எதிரே ஆறு மீட்டர் தள்ளி இன்னொரு வரிசை இருந்தது. மரம் இல்லைதான். ஆனால் மரத்தை நட்டவன் அளந்த அளவு அப்படியே இருந்தது.

5 பிப்ரவரி, காலை 7.30

அப்பாவிடம் நேற்று இதைப் படித்துக் காட்டினேன். அவர் நாற்பது வருடம் தச்சு வேலை செய்தவர். “நட்ட தூண் எந்த இடத்தில் முதலில் இற்றுப்போகும் சொல் பார்ப்போம்” என்றார். அடியில் என்றேன். “இல்லையப்பா. தரையோடு தரையாக இருக்கும் இரண்டு விரல் உயரத்தில்தான். அடியில் ஈரம் உண்டு, காற்று இல்லை. மேலே காற்று உண்டு, ஈரம் தங்காது. இரண்டும் சேரும் இடத்தில்தான் பூஞ்சை தின்னும். கீழே நல்ல கட்டை, மேலே நல்ல கட்டை, நடுவில் மாவு.”

அகழாய்வாளர்கள் ஒரு பக்கம் எழுதுவதை அவர் நான்கு வரியில் சொல்லிவிட்டார். தூணை மண்ணில் நடும் முறை ஏறக்குறைய 1200-ஐ ஒட்டி இங்கிலாந்தில் ஏன் வழக்கொழிந்தது என்பதற்கும் இதுவே பாதி விடை. தூணை மண்ணில் நடாமல், கல்லின் மேல் வைத்த அடிக்கட்டையில் பொளி (துளை) வெட்டி, தூணின் கழுந்தை (செதுக்கிய முனையை) அதில் இறக்கி நிறுத்தத் தொடங்கினார்கள். வீட்டின் ஆயுள் தலைமுறைக் கணக்கிலிருந்து நூற்றாண்டுக் கணக்குக்கு மாறியது.

7 பிப்ரவரி, இரவு 11.05

4-ஆம் தேதிக் குறிப்பில் ஒரு திருத்தம். எல்லாக் கறுப்பு வட்டமும் தூண்குழி என்கிற தொனி வந்துவிட்டது. அது தவறு. முயல் வளையும் வட்டம்தான், செத்த மரத்தின் வேரும் வட்டம்தான், போன நூற்றாண்டு வேலிக்காலும் வட்டம்தான். கேள்வி கேட்டவரின் சந்தேகம் இங்கேதான் நியாயமாகிறது.

பிரித்தறியும் வழி ஒன்று உண்டு. வட்டத்தை முழுதாகத் தோண்டாமல், நடுவே நூல் கட்டி ஒரு பாதியை மட்டும் எடுக்க வேண்டும். மீதிப் பாதியின் வெட்டுமுகம் சுவர் போல நிற்கும். தூண்குழி என்றால் பக்கங்கள் செங்குத்து, அடி தட்டை, நடுவே தூண் நின்ற கரும்பட்டை, இரு புறமும் இடித்த மண். வேர் என்றால் அடியில் கிளை பிரியும். முயல் என்றால் வளை பக்கவாட்டில் ஓடும்.

நான் முதல் வாரத்தில் ஒரு குழியை இந்த விதி தெரியாமல் முழுதாக எடுத்துவிட்டேன். கை நிறையக் கரிய மண் இளகலாக வந்தது. நன்றாகப் போகிறது என்று நினைத்து அடிவரை போய்விட்டேன். அந்த இளகல்தான் தூண். அதன் வடிவம், சாய்வு, கனம் எல்லாம் என் வாளியில் போயிற்று. அம்மையார் திட்டவில்லை. பதிவுத் தாளில் “வெட்டுமுகம் இல்லை” என்று எழுதச் சொல்லி, கையெழுத்தும் போடச் சொன்னார். அந்தக் கூடத்தின் தரைப்படத்தில் வடக்கு வரிசையில் நான்காவது குழி இன்றைக்கும் புள்ளிக்கோட்டில்தான் இருக்கிறது.

எட்டாவது குழியை ஒழுங்காகச் செய்தேன். அதில் ஒரு தூண் இல்லை, இரண்டு. முதல் தூணின் கரும்பட்டையை வெட்டிக்கொண்டு, ஒரு சாண் தள்ளி இன்னொன்று, கொஞ்சம் சிறியது. பக்கத்தில் உடைந்த திரிகைக்கல் துண்டை ஆப்பு மாதிரி செருகியிருந்தார்கள். முதல் தூண் தரைமட்டத்தில் இற்றுப்போய், கூரையை இறக்காமலேயே பக்கத்தில் மாற்றுக்கால் கொடுத்திருக்கிறார்கள். கூரை பாரத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நான்கைந்து பேர் நின்றிருக்க வேண்டும். அந்த வெட்டுமுகத்தின் முன்னால் முழங்காலிட்டபடி அரை நாள் வரைந்தேன்.

9 பிப்ரவரி, மாலை 6.20

மேனர் என்றால் என்ன என்று ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார். ஜமீன் என்று சொன்னால் பாதி புரியும், மீதி தப்பாகப் புரியும். நிலமும், அதில் உழைக்கும் குடிகளும், அவர்கள் வழக்கைக் கேட்கும் மன்றமும், விளைச்சல் வந்து சேரும் களஞ்சியமும், பிரபுவின் வீடும் சேர்ந்த ஓர் அலகு. வீடு அதன் நடுவில் இருக்கும். ஒரே கட்டடமாக இருக்காது. கூடம் தனி, படுக்கை அறை தனிக் கட்டடம், அடுப்படி தனிக் கட்டடம்.

11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், யார்க் பேராயர் வுல்ஃப்ஸ்டனோடு தொடர்புடைய ஒரு பழைய ஆங்கிலச் சட்ட எழுத்தில் ஒரு வரி உண்டு. சாதாரணக் குடியானவன் ஐந்து ‘ஹைடு’ (அக்கால நில அளவு) நிலமும், மணிக்கூண்டும், அரண் வாயிலும் உடையவனாகி, மன்னர் அவையில் இருக்கையும் பணியும் பெற்றால், அவன் பிரபுவின் தகுதிக்கு உரியவன். ஒரு பிரதியில் தேவாலயமும் அடுப்படியும் கூடச் சேர்ந்திருக்கின்றன. அடுப்படி ஒருவனுடைய தகுதிக்கு அளவுகோல் என்பதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அதைப் பற்றிப் பிறகு.

இந்த வரிக்கு மண்ணில் சாட்சி தேடுபவர்கள் முதலில் காட்டுவது லிங்கன்ஷயரில் உள்ள கோல்தோ. கை பெரஸ்ஃபோர்ட் 1970களில் அங்கே அகழ்ந்தார். மேனர் பற்றிய அறிக்கை 1987-இல் வந்தது. ஒரே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக மரக்கட்டடங்கள். அகழியும் கரையும் சூழ்ந்த வளாகம், உள்ளே முற்றத்தைச் சுற்றிக் கூடம், உறங்கும் கட்டடம், அடுப்படி, நெசவுக்கூடங்கள். அதே மண்ணின் மேல், பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற நார்மன்களின் காலத்தில் மேடும் வெளிமுற்றமும் கொண்ட கோட்டை. அதன் பிறகு 12-ஆம் நூற்றாண்டில் மேட்டைப் பரப்பிப் பெரிதாக்கி, அதன் மேல் இரு பக்கமும் தாழ்வாரத் தூண் வரிசை கொண்ட பெரிய கூடம். எந்தக் கட்டத்திலும் எழுந்து நிற்கும் சுவர் ஒன்று கூடக் கிடைக்கவில்லை. குழிகளும் நீள்பள்ளங்களும் ஒன்றை ஒன்று வெட்டிப்போகும் வரிசையைப் படித்தே இத்தனையும் பிரித்தார்கள். எது எதை வெட்டுகிறதோ அது பிந்தியது.

9 பிப்ரவரி, இரவு 11.50

இன்னொரு இடம், சுருக்கமாக. சாமர்செட்டில் உள்ள செட்டர். பாலாடைக்கட்டிக்குப் பெயர்போன அதே ஊர். பள்ளிக்கூடம் கட்டப்போன நிலத்தில் 1960 முதல் 1962 வரை ஃபிலிப் ராட்ஸ் அகழ்ந்தபோது, நார்மன்களுக்கு முன் ஆண்ட சாக்சன் மன்னர்களின் மரக்கூடங்கள் வெளிவந்தன. 9-ஆம் நூற்றாண்டுக் கூடம் ஏறக்குறைய 24 மீட்டர் நீளம். நீளச் சுவர்கள் நேராக இல்லாமல் படகின் பக்கம் போல மெல்ல வெளியே வளைந்திருந்தன. நேர்க்கோட்டை விட்டு இரு பக்கமும் ஒரே அளவில் வளைந்தால், அதை யாரோ நினைத்து அமைத்திருக்கிறார்கள். தரைப்படமே பேசும் இடம் அது. 941-இல் மன்னர் அவை இங்கே கூடியதற்குப் பட்டயச் சான்று உண்டு.

12 பிப்ரவரி, காலை 8.00

கோல்தோ பற்றி எழுதியதில் ஒரு குறை. அங்கே கட்டடங்களின் வரிசை ஒன்று, ஆண்டுக்கணக்கு வேறு. பெரஸ்ஃபோர்ட் தொடக்கத்தை ஏறக்குறைய 850 என்று வைத்தார். பால் எவர்சன் 1988-இல் எழுதிய கட்டுரையில் இடத்தின் பெயரையே கேள்வி கேட்டார்: ஆவணங்களின்படி அந்த மேடு பக்கத்து ஊரான புல்லிங்டனுக்கு உரியது என்றார். காலமும் பெரஸ்ஃபோர்ட் சொன்னதைவிடப் பிந்தியது என்றார். இன்றைக்கு அந்தத் தொடக்க ஆண்டுகளை அப்படியே எடுத்துக்கொள்பவர்கள் குறைவு.

இது சிறிய விஷயம் இல்லை. ஆங்கிலப் பிரபுக்கள் நார்மன்கள் வருவதற்கு வெகு முன்பே தங்கள் வீட்டை அரண் போட்டு அடைத்தார்களா என்ற பெரிய வாதத்துக்குக் கோல்தோதான் தூணாக இருந்தது. ஆண்டு நகர்ந்தால் வாதமும் ஆடும். ஆனால் அப்போதும் கூடம் கூடமாகத்தான் இருக்கிறது, அடுப்படி அதன் இடத்திலேயே இருக்கிறது. வட்டம் பொய் சொல்லவில்லை. வட்டத்துக்குப் பிறந்த தேதி சொன்னதில்தான் தகராறு.

இந்தத் துறையில் பெரஸ்ஃபோர்டுகள் இரண்டு பேர், ஒருவராக எண்ணிவிட வேண்டாம். யார்க்ஷயரின் வார்ரம் பெர்ஸி கிராமத்தில் ஜான் ஹர்ஸ்டோடு சேர்ந்து நாற்பது கோடைகள் உழைத்தவர் மாரிஸ் பெரஸ்ஃபோர்ட். கோல்தோவை அகழ்ந்தவர் கை.

15 பிப்ரவரி, இரவு 9.40

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். எனக்கே ஒரு நெருடல். குழி இருந்தால் வீடு என்று காட்டிவிட்டேன். குழி இல்லையென்றால்? வீடு இல்லை என்று சொல்லிவிடலாமா?

கூடாது என்பதற்கு ஹென் டோமனைச் சொல்ல வேண்டும். வேல்ஸ் எல்லையில், மான்ட்கோமரி ஊருக்குப் பக்கத்தில். வேல்ஷ் மொழியில் ‘பழைய மேடு’ என்று பொருள். 1070களில் ரோஜர் தெ மான்ட்கோமரி எழுப்பிய மரக்கோட்டை. 1223-இல் பக்கத்துக் குன்றில் கற்கோட்டை வந்த பிறகு மெல்லக் கைவிடப்பட்டது. கோட்டைதான், மேனர் இல்லை என்று யாராவது சொல்லலாம். மரக்கட்டடத்தைத் தேடுகிற வேலை ஒன்றே, ஆகவே இங்கே வைக்கிறேன்.

ஃபிலிப் பார்க்கர் அங்கே 1960-இல் தொடங்கினார். கோடைக்குச் சில வாரங்கள் வீதம் முப்பது வருடத்துக்கும் மேல், பின்னாளில் ராபர்ட் ஹைமோடு சேர்ந்து. ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு கரண்டியாலும் தூரிகையாலும் அங்குலம் அங்குலமாகச் சீவினார்கள். முதல் கட்டக் கட்டடங்களுக்குப் பெரிய பெரிய குழிகள் இருந்தன. பிந்தைய கட்டங்களில் பலவற்றுக்குக் குழியே இல்லை. அடிக்கட்டையை வெறும் தரையில் கிடத்தி அதன் மேல் வீட்டைக் கட்டியிருக்கிறார்கள். கட்டை மட்கிய பிறகு மிஞ்சுவது என்ன? கூழாங்கல் பரவிய தரையில், கல் இல்லாத ஒரு கோடு. கோட்டின் ஒரு பக்கம் மிதிபட்டுத் தேய்ந்த கல், மறுபக்கம் தேயாத கல். ஒரு பக்கம் மண் கொஞ்சம் சாம்பல் நிறம். அவ்வளவுதான். அதைக் கண்டுகொள்ள வேண்டுமானால் முழுப் பரப்பும் ஒரே நேரத்தில் கண்முன் திறந்திருக்க வேண்டும். குறுகிய பள்ளம் ஒன்று வெட்டிப் பார்த்திருந்தால், வெட்டுமுகத்தில் அரை அங்குலக் கூழாங்கல் அடுக்கு தெரிந்திருக்கும், வேறொன்றும் தெரிந்திருக்காது.

இங்கே நமக்கு நெருக்கமான ஒருவர் வருகிறார். மார்டிமர் வீலர். 1945-இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டை அகழ்ந்தவர். நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்து, சதுரங்களுக்கு நடுவே வரப்பு விட்டுத் தோண்டும் முறையை இந்தியாவில் ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தார். கீழடிப் படங்களில் சதுரம் சதுரமாகக் குழிகளும் நடுவே மண்வரப்புகளும் பார்த்திருப்பீர்கள், அந்த வழியில் வந்ததுதான். வரப்பின் முகத்தில் மண்ணடுக்குகள் ஏடு மாதிரி தெரியும். செங்கல் சுவருக்கும் கல் சுவருக்கும் அது சிறந்த முறை. மரக்கட்டடத்துக்கு அது கண்ணைக் கட்டிவிடுகிறது. பார்க்கர் போன்றவர்கள் வரப்பே இல்லாமல் முழுப் பரப்பையும் திறக்கச் சொன்னது அதற்காகத்தான். வார்ரம் பெர்ஸியில் 1950களிலேயே அதைத் தொடங்கிவிட்டார்கள். டென்மார்க்கில் ஆக்ஸல் ஸ்டீன்ஸ்பெர்க் செய்ததைப் பார்த்து வந்த வழக்கம்.

அதே பார்க்கர் ராக்ஸிட்டர் என்ற ரோமானிய நகரத்திலும் 1966 முதல் வேலை செய்தார். இடிபாட்டுக் குப்பை என்று எவரும் வாரிக்கொட்டியிருக்கக்கூடிய கல்பரப்பைத் தூரிகையால் துடைத்தபோது, அது பெரிய மரக்கட்டடங்களுக்காக இட்டுச் சமன்செய்த மேடை என்று தெரிந்தது. அதற்கு முன் இதே மாதிரி எத்தனை ஊர்களில் எத்தனை மேடைகள் வாளியில் போயிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

16 பிப்ரவரி, பகல் 1.15

வரப்பு எவ்வளவு மறைக்கும் என்று கேட்டவருக்கு: 5 மீட்டர் கட்டத்தில் ஒரு மீட்டர் வரப்பு விட்டால் திறந்திருப்பது 4 பெருக்கல் 4, அதாவது 25-இல் 16. நூற்றுக்கு 36 பங்கு நிலம் மூடியே இருக்கும். நான் பார்த்த ஒன்பது குழி வரிசையில் மூன்று நான்கு மறைந்திருக்கும். மிஞ்சியதை வரிசை என்று எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

19 பிப்ரவரி, இரவு 8.30

அடுப்படிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

ஏன் தனிக் கட்டடம்? தீ. கூடத்துக்கு மேலே வைக்கோல் அல்லது மரச்சில்லுக் கூரை. அடுப்படியில் முழு ஆட்டைச் சுடும் நெருப்பு. ஒன்று போனாலும் மற்றது பிழைக்கட்டும் என்று தள்ளிக் கட்டினார்கள். நாளாக ஆக இரண்டுக்கும் நடுவே கூரை போட்ட நடை வந்தது.

பர்மிங்ஹாமில் உள்ள வியோலி கோட்டையில், அகழிநீர் ஊறிய மண்ணில் 13-ஆம் நூற்றாண்டு மர அடுப்படி ஒன்றின் அடிப்பகுதி உண்மையாகவே பிழைத்திருந்தது. சுவர்ப் பலகைகள் ஒன்றன் மேல் ஒன்று படிந்து, மழைநீர் வழியும்படி அடித்தது அடித்தபடி. கேள்வி கேட்டவர் “ஒரு பலகை கூட இல்லை” என்று எழுதியிருந்தார். இதோ பலகை.

நான் வேலை செய்த இடத்தில் பலகை கிடைக்கவில்லை. அடுப்படி எது என்று தெரிந்தது வேறு விதமாக: சிவந்து இறுகிய தரை, அதன் மேல் சாம்பல், மேலே மறுபடி களிமண் பூசிய தரை, மறுபடி சாம்பல். ஒரு கையளவு உயரத்தில் ஏழு பூச்சு எண்ணினேன். மீன் முள்ளைச் சலிக்க இரண்டு வாளி மண் எடுத்துப் போனார்கள். ஆயிரம் வருடம் கழித்தும் அந்தச் சாம்பல் விரலில் ஒட்டியது.

23 பிப்ரவரி, இரவு 10.10

மரமே கிடைத்தால் என்ன செய்யலாம் என்று இப்போது சொல்ல வேண்டும். நீர் தேங்கிய மண்ணில் காற்று புகாது, பூஞ்சை வாழாது. ஓக் மரம் கறுத்துப்போய் அப்படியே கிடக்கும். அதன் குறுக்குவெட்டில் ஆண்டு வளையங்கள் இருக்கும். மழை நன்றாகப் பெய்த வருடம் அகன்ற வளையம், வறண்ட வருடம் ஒடுங்கிய வளையம். ஒரே வட்டாரத்து மரங்கள் எல்லாம் ஒரே தாளத்தில் அகன்றும் ஒடுங்கியும் வளர்ந்திருக்கும். அந்தத் தாளத்தை இன்றைய மரத்திலிருந்து பின்னோக்கிக் கோத்துக்கொண்டே போய் வைத்திருக்கிறார்கள். புதிதாகக் கிடைத்த கட்டையின் தாளம் எங்கே பொருந்துகிறதோ அதுவே அதன் காலம்.

இதில் ஒரு நுட்பம் அப்பாவுக்கு மிகவும் பிடித்தது. மரம் வெட்டிய ஆண்டு தெரிய வேண்டுமானால் பட்டைக்கு அடியில் இருக்கும் கடைசி வளையம் வேண்டும். ஆனால் தச்சன் என்ன செய்வான்? நடுவில் இருக்கும் வைரக் கட்டையை வைத்துக்கொண்டு, வெளியே இருக்கும் வெள்ளைக் கட்டையைச் சீவி எறிவான், பூச்சி அரிக்கும் என்பதால். நல்ல தச்சன் எவ்வளவு ஒழுங்காக வேலை செய்தானோ அவ்வளவு தேதி தொலையும். ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை விட்டுவைத்திருந்தால், அந்த வட்டாரத்து ஓக்கில் வழக்கமாக எத்தனை வெள்ளை வளையம் இருக்கும் என்ற கணக்கைக் கொண்டு சில பத்தாண்டுகளுக்குள் வெட்டிய காலத்தைச் சொல்வார்கள். வெள்ளை முழுதும் போயிருந்தால் “இன்ன ஆண்டுக்குப் பிறகு” என்பதோடு நிற்க வேண்டும். ஓக்கைப் பச்சையாகவே இழைத்துச் சேர்ப்பது அங்கே வழக்கம், காய்ந்தால் உளி இறங்காது. ஆகவே வெட்டிய ஆண்டும் கட்டிய ஆண்டும் பக்கம் பக்கம்.

எசெக்ஸில் உள்ள கிரெஸ்ஸிங் மேனரை 1137-இல் அரசி மட்டில்டா டெம்ப்ளர்கள் என்ற சிலுவைப்போர்த் துறவி வீரர்களுக்குக் கொடுத்தார். அங்கே இரண்டு மரக் களஞ்சியங்கள் 13-ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கின்றன. ஒன்று வாற்கோதுமைக்கு, மற்றது கோதுமைக்கு. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் காட்டுக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது. மர மாளிகை என்று நாம் சொல்லும்போது குடிசையை நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பிரான்சில் பலாத்ரு ஏரிக்கு அடியில் இன்னொரு சாட்சி உண்டு. கொலெத்தியேர் என்ற இடம். ஆயிரமாவது ஆண்டை ஒட்டி ஏரிக்கரையில் வேலி அடைத்துக் குடியேறி, சில பத்தாண்டுகள் வாழ்ந்து, நீர் ஏறியதும் விட்டுப் போனவர்களின் மர வீடுகள். குதிரை வீரர்களின் பொருள்கள், உழவுக்கருவிகள், சதுரங்கக் காய்கள், இசைக்கருவிகள் எல்லாம் ஒரே வளாகத்தில். காய்ந்த நிலத்தில் இதே வீடுகள் இருந்திருந்தால் நமக்குச் சில கறுப்பு வட்டங்கள் கிடைத்திருக்கும். சதுரங்கம் ஆடினார்கள் என்பது தெரிந்திருக்காது.

1 மார்ச், காலை 11.20

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: “தரைப்படத்தை ஒப்புக்கொள்கிறேன். கூரையைப் பற்றி நீங்கள் இன்னும் பேசவில்லை.”

உண்மை. முதல் நாளே ஊகம் என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டேன். கூரை எவ்வளவு சாய்வு, வைக்கோலா மரச்சில்லா, சாளரம் எங்கே, தூணில் சித்திர வேலை உண்டா என்பதையெல்லாம் குழி சொல்லாது. தூண்குழியின் ஆழமும் கனமும் எவ்வளவு பாரம் தாங்கியது என்பதற்குத் துப்புக் கொடுக்கும். எதிரெதிர்த் தூண்கள் சோடி சோடியாக நின்றால் மேலே குறுக்கு விட்டம் ஓடியிருக்கலாம் என்று சொல்லலாம். அதற்கு மேலே வரைபவர் கை நீள்கிறது. ஒரே தரைப்படத்துக்கு இரண்டு மூன்று விதமாகக் கூரை வரைந்து பக்கம் பக்கமாக அச்சிடும் அறிக்கைகளைத்தான் நான் நம்புகிறேன். ஒரே படம், அதுவும் வண்ணத்தில், வாசலில் நாய் படுத்திருக்கிற மாதிரி இருந்தால், உங்கள் சந்தேகம் எனக்கும் வருகிறது.

ஆனால் சோதித்துப் பார்க்க வழி உண்டு. சஃபோக்கில் உள்ள வெஸ்ட் ஸ்டோ, மேனர் இல்லை, அதற்கு முந்தைய ஆங்கிலோ-சாக்சன் சிற்றூர். அகழ்ந்த இடத்திலேயே 1970களிலிருந்து வீடுகளைத் திரும்பக் கட்டினார்கள். தரைக்குழி கொண்ட வீடுகளில், மக்கள் குழிக்குள் இறங்கி வாழ்ந்தார்களா, குழி மேல் பலகைத் தரை போட்டு வாழ்ந்தார்களா என்று இரண்டு விதமாகவும் கட்டிப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்று 2005-இல் தீப்பற்றி எரிந்துபோனது. அந்தச் சாம்பலை அள்ளிக் கொட்டாமல், பழைய வீட்டை அகழ்வது போலவே அகழ்ந்து பதிவு செய்தார்கள். எந்தப் பலகை எங்கே இருந்தது என்று தெரிந்த வீடு எரிந்து விழுந்தால் மண்ணில் என்ன மிஞ்சுகிறது என்று நேரில் பார்க்கக் கிடைத்தது அது. உங்கள் கேள்வியை அவர்கள் தங்களிடமே கேட்டுக்கொண்டார்கள் என்று நான் இதைப் படித்தேன்.

2 மார்ச், இரவு 7.45

அப்பா நேற்று முழு இழையையும் படித்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். “எல்லாம் எழுதினாய். வாசல் எந்தப் பக்கம் என்று எழுதவில்லையே” என்றார். தெற்கே என்று சொன்னேன். இரண்டு குழிகளுக்கு நடுவே இடைவெளி கொஞ்சம் அதிகம், தரை அங்கே ஆட்கள் மிதித்து மிதித்துத் தட்டு மாதிரி குழிந்து, சின்னச் சின்னக் கல் போட்டு நிரவியிருந்தது. வேறென்ன வேண்டும்?

“எதிர்ப்பக்கம் பார்த்தாயா?”

2 மார்ச், இரவு 10.30

நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். வடக்கு வரிசையில் மூன்றாவது குழிக்கும் நான்காவது குழிக்கும் நடுவே இடைவெளி தெற்கே இருந்த அதே அளவு. நேர் எதிரே. இந்தக் காலத்துக் கூடங்களில் நீளச் சுவர்கள் இரண்டிலும் எதிரெதிரே வாசல் வைத்து, ஒரு முனையைக் குறுக்கு நடையாகப் பிரிப்பது வழக்கம்தான். நடைக்கு அந்தப் பக்கம் உணவும் பானமும் வைக்கும் அறைகள், இந்தப் பக்கம் கூடம். அந்த வடக்கு வாசலின் ஒரு நிலைத்தூண்தான் நான் வெட்டுமுகம் இல்லாமல் எடுத்த நான்காவது குழி. தரைப்படத்தில் வடக்கு வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள்.